உயர்கல்வியில் ஊழலின் வடிவங்கள்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து

உயர்கல்வியில் ஊழல் என்பது கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், அவற்றைக் கண்காணிக்கும் அமைப்புகள் ஆகியவற்றில் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரம் தனிப்பட்ட ஆதாயத்துக்குப் பயன்படுத்தப்படுவதைக் குறிக்கிறது. மாணவர் சேர்க்கையில் டொனேஷன், ஆசிரியர் பணிக்குப் பணம், தேர்வில் மதிப்பெண் மாற்றம், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு முன் நெறியாளருக்குக் கவர், இணைப்பு ஆய்வுக்கு வரும் குழுவுக்கு விருந்து என அதன் வடிவங்கள் பல. தமிழ்நாட்டில் இவை எல்லோரும் அறிந்தவை. ஆனால் இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் யாராவது பிடிபட்ட நாளில் தொடங்கி, ஜாமீன் கிடைத்த நாளில் முடிந்துவிடுகிறது. பிடிபடக்கூடிய ஊழலே முழு ஊழல் என்ற எண்ணம் இதனால் நிலைபெற்றிருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் நடந்தவற்றை வரிசையாகப் பார்க்கும்போது இந்த எண்ணம் நிற்பதில்லை.

பிடிபடும் ஊழல்

ஊழல் தடுப்புச் சட்டம் 1988ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் கீழ் லஞ்ச ஒழிப்புத் துறை பெரும்பாலும் கையாளும் முறை பொறி வைப்பது. புகார் கொடுத்தவரிடம் பினாப்தலின் தூள் தடவிய நோட்டுகளைக் கொடுத்தனுப்பி, வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவச் செய்வார்கள். கரைசல் இளஞ்சிவப்பானால் வழக்கு. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், ஓர் உதவிப் பேராசிரியரிடம் 30 லட்சம் ரூபாய் லஞ்சம் பெற்றதாக இவ்வாறு கைது செய்யப்பட்டார். அதில் ஒரு லட்சம் மட்டுமே ரொக்கம், மீதி 29 லட்சம் காசோலைகள். லஞ்சத்தைக் காசோலையாக வாங்கத் துணிவு வேண்டும் என்று சிலர் அப்போது கேலி செய்தனர். துணிவைவிடப் பழக்கமே அதற்குக் காரணமாக இருந்திருக்கும்.

அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் மறுமதிப்பீட்டு முறைகேடு வெளிவந்தது. 2017 ஏப்ரல், மே மாதத் தேர்வுகளில் தோற்ற மாணவர்கள் மறுமதிப்பீட்டில் மதிப்பெண் பெறத் தாளுக்கு 10 ஆயிரம் ரூபாய் அளவில் பணம் கைமாறியதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தவரும் அதில் சேர்க்கப்பட்டார். இரு வழக்குகளிலும் கொடுத்தவர், வாங்கியவர், தொகை, தேதி ஆகியவை உண்டு. நீதிமன்றத்துக்கு வேண்டியவை அவைதான்.

ஆனால் பொறி வைக்கப் புகார்தாரர் வேண்டும். பணம் கொடுத்து வேலை வாங்கியவர் புகார்தாரராவது அரிது. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அதை இன்னும் அரிதாக்கியது. அதன்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால் மட்டுமே தப்ப முடியும். வேலை உத்தரவு கைக்கு வரவே மாதங்களாகும் ஓர் ஏற்பாட்டில் ஏழு நாள் கெடு யாருக்கும் பயன்படாது. பத்தாண்டுகளுக்கு முன் கொடுத்தவர் வாய் திறந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும்.

பத்து மைல் பல்கலைக்கழகம்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கப்பட்டது. 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், தம் கல்வி நிலையங்களையும் 20 லட்சம் ரூபாயையும் அரசிடம் ஒப்படைத்ததன் பேரில் சென்னை மாகாண அரசு 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதை உருவாக்கியது. பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ளாத, விடுதியோடு கூடிய ஒற்றைப் பல்கலைக்கழகம் அது. அதன் ஆட்சி எல்லை பட்டமளிப்பு மண்டபத்திலிருந்து பத்து மைல் சுற்றளவு என்று சட்டம் வகுத்தது. கடலூர் முதுநகருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் இருக்கும் குடிகாடு அந்தப் பத்து மைலுக்குள் வராது. பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள இந்த ஊரே எல்லைக்கு வெளியே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னாளில் இந்தியாவின் பல மாநிலங்களில் அப்பல்கலைக்கழகத்தின் பெயரில் படிப்பு மையங்கள் எழுந்தது எவ்வளவு நீண்ட பயணம் என்பது விளங்கும்.

சோமசுந்தர பாரதியார், தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், வ. சுப. மாணிக்கம் ஆகியோர் பணியாற்றிய இடம் அது. தமிழிசை இயக்கத்தின் தாய்வீடுகளில் ஒன்று. கடலூர் மாவட்டத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக எத்தனையோ பேரை உருவாக்கியது. குறை சொல்வோர் இதை மறப்பதும், புகழ்வோர் இதை மட்டுமே சொல்வதும் வழக்கமாக இருக்கிறது.

பின்னால் வந்த சிக்கலின் வேர் அந்த 1928 சட்டத்திலேயே இருந்தது. நிறுவனருக்கும் அவர் வழிவந்தோருக்கும் இணைவேந்தர் பதவி பரம்பரையாக வழங்கப்பட்டது. வேந்தரான ஆளுநர் துணைவேந்தரை நியமித்தாலும், மூவர் கொண்ட பெயர்ப்பட்டியல் நிறுவனர் தரப்பிலிருந்தே வந்தது. அதாவது செலவில் பெரும்பகுதி பொதுப்பணம், அரசு மானியமும் மாணவர் கட்டணமும். யார் நிர்வகிப்பது என்பது குடும்பத்தின் உரிமை. கொடையாளிக்குக் காட்டிய மரியாதையாக 1928இல் இதற்கு நியாயம் இருந்திருக்கலாம். 80 ஆண்டுகள் கழிந்தும் அதை மாற்ற எந்த அரசும் முன்வராததற்கு அப்படி நியாயம் சொல்ல முடியாது. கட்சி வேறுபாடின்றி எல்லா அரசுகளும் இதில் சமம்.

சம்பளப் பட்டியல்

2012 நவம்பரில் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஊழியர் சம்பளத்தில் கைவைக்கப் பல்கலைக்கழகம் முனைந்தது. ஆசிரியர்களும் அலுவலர்களும் போராட்டத்தில் இறங்கினர். வளாகம் காலவரையின்றி மூடப்பட்டது. தணிக்கையில் நிதி முறைகேடுகளும் தேவைக்கு மிஞ்சிய நியமனங்களும் சுட்டப்பட்டன. 2013 ஏப்ரலில் துணைவேந்தர் இடைநீக்கம் செய்யப்பட்டு, இந்திய ஆட்சிப்பணி அதிகாரி சிவ்தாஸ் மீனா நிர்வாகியாக அமர்த்தப்பட்டார். அதே மாதம் சட்டப்பேரவையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தோடு பரம்பரை இணைவேந்தர் முறை முடிந்தது.

அப்போது வளாகத்தில் ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் பணியில் இருந்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் ஆசிரியர் அல்லாதோர். கல்லூரிகளை இணைத்துக்கொள்ளாத ஒரே வளாகத்துக்கு இது எவ்வகையிலும் பொருந்தாத எண்ணிக்கை. பணியிடங்கள் விலைக்கு விற்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு கையகப்படுத்தலுக்கு முன்பும் பின்பும் வெளிப்படையாகவே பேசப்பட்டது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் ‘யுனிவர்சிட்டி வேலை’ வாங்கியதாகச் சொல்லப்படும் கதைகளுக்குக் குறைவில்லை. அவை நீதிமன்றச் சான்றுகள் ஆகா. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்று தெளிவு. வேலை இருந்ததால் ஆள் எடுக்கப்படவில்லை. ஆள் எடுப்பதே ஒரு வேலையாக நடந்திருக்கிறது.

இவ்வகை ஊழலின் தன்மை கவனிக்கத்தக்கது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் தொகை ஒருமுறையோடு முடிந்துவிடும். அதன் பிறகு நடப்பவை எல்லாம் சட்டப்படி. நியமன உத்தரவு உண்டு, பணிப்பதிவேடு உண்டு, மாதச் சம்பளம் வங்கியில் ஏறும். தேவையற்ற ஒரு பணியிடம் 30 ஆண்டுகளுக்குச் செலவாகும். முதலில் கைமாறிய தொகை அந்தச் செலவோடு ஒப்பிட்டால் சிறிது. லஞ்ச ஒழிப்புத் துறை தேடுவது அந்தச் சிறிய தொகையை. பெரிய தொகைக்கோ எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது.

அரசு எடுத்துக்கொண்ட பின் மிகையானவர்கள் என்று கணக்கிடப்பட்டோர் 2016க்குப் பின் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் பிற துறை அலுவலகங்களுக்கும் அயற்பணியாக அனுப்பப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு ஊர் மாறினர். அந்தக் கல்லூரிகளில் நிரப்பப்படாமலிருந்த இடங்களுக்கு இவர்கள் வந்ததால், தேர்வெழுதிக் காத்திருந்த வேறு பட்டதாரிகளின் வாய்ப்பு தள்ளிப்போனது. அவர்கள் சிதம்பரம் பக்கம் போகாதவர்களாகக்கூட இருக்கலாம். 2023இல் உரிய கல்வித் தகுதி இல்லை என்று 50க்கும் மேற்பட்ட உதவிப் பேராசிரியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். தகுதியற்றவரை நியமித்தது யார் என்ற கேள்வி, தகுதியற்றவர் யார் என்ற கேள்வியின் பின்னால் மறைந்துவிட்டது. அந்தக் கோப்பில் கையெழுத்திட்டவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா.

தபாலில் வந்த பட்டம்

இவ்வளவு பெரிய சம்பளப் பட்டியலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. அரசு மானியம் போதாது. 1979இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி அந்த இடைவெளியை நிரப்பியது. நோக்கத்தில் அது நல்ல ஏற்பாடு. குடிகாடு சிப்காட் இரசாயன ஆலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் ஓர் இளைஞர் காலைக் கல்லூரிக்குப் போக முடியாது. குழந்தையோடு வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும், பதவி உயர்வுக்காகப் பட்டம் தேவைப்படும் ஆசிரியருக்கும் தபாலில் வரும் பாடப் புத்தகமே கல்லூரி. இவர்களுடைய கட்டணம் வளாகத்தின் முதன்மை வருவாய்களில் ஒன்றானதும் கணக்கு தலைகீழானது. மாணவர்க்காகப் படிப்பு என்பது போய், வருவாய்க்காக மாணவர் என்ற நிலை வந்தது. புதிது புதிதாகப் பாடங்கள், ஊர் ஊராக மையங்கள்.

இதன் முதல் பெரிய அடி உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. இளநிலைப் பட்டம் இல்லாமலே திறந்தநிலை முறையில் நேரடியாக முதுநிலைப் பட்டம் வழங்கும் வழி அப்போது நடைமுறையில் இருந்தது. சென்னையிலுள்ள அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பான வழக்கில், இவ்வாறு பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. மூன்றாண்டு முதல் பட்டம் முடிக்காதவர் முதுநிலைக்குத் தகுதியற்றவர் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985 விதிகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும் என்று 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய பட்டத்தை நம்பிப் பதவி உயர்வு பெற்றிருந்தவர்களும், பெறக் காத்திருந்தவர்களும் ஒரே நாளில் கேள்விக்குறியானார்கள். விதி 1985இலிருந்தே இருந்தது என்பதுதான் இதில் கசப்பானது. 24 ஆண்டுகள் அதைப் படிக்க வேண்டிய கடமை பட்டம் வழங்கியவருக்கா, வாங்கியவருக்கா?

2013 ஜூனில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் ஆட்சி எல்லைக்கு வெளியே மையங்கள் நடத்தக் கூடாது என்று மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. பின்னர் 2022 மார்ச்சில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைப் படிப்புகளை நடத்த அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரை மட்டுமே இருந்தது, அதற்குப் பின் நடத்தியவை அங்கீகாரமற்றவை என்று எச்சரித்தது. பல்கலைக்கழகத் தரப்பு நீதிமன்ற இடைக்கால உத்தரவைச் சுட்டியது. கவனிக்க வேண்டியது ஆண்டுக் கணக்கு. சர்ச்சைக்குள்ளான அந்த ஆண்டுகள் அனைத்தும் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தவை. பழைய நிர்வாகத்தைக் குற்றம் சாட்டிக் கையகப்படுத்திய அரசு, பழைய வருவாய் வழியைக் கைவிடவில்லை. சம்பளப் பட்டியல் அப்படியே இருக்கும்போது கைவிடவும் முடியாது.

போலிகளின் சந்தையும் இதோடு சேர்ந்து வளர்ந்தது. 2024 ஜூனில் சிதம்பரம் அருகே சாலையோரத்தில் பல்கலைக்கழகச் சான்றிதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. போலிச் சான்றிதழ் தயாரித்ததாகக் கைதுகள் நடந்தன, வழக்கு குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்குப் போனது. உண்மையான பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்பதே குழப்பமாக இருக்கும் ஊரில் போலிக்கு வாடிக்கையாளர் கிடைப்பது வியப்பில்லை.

ஐந்து லட்சமும் பதின்மூன்று ஆயிரமும்

ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கப்பட்டது. 2013க்குப் பின் அதன் இடங்கள் அரசுக் கலந்தாய்வின் மூலம் நிரப்பப்பட்டன. நிர்வாகம் அரசுடையது. கட்டணம் மட்டும் தனியார் அளவிலேயே நின்றது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது சுமார் பதின்மூன்றாயிரம். ஏறத்தாழ நாற்பது மடங்கு. ஒரே கலந்தாய்வு மண்டபத்தில் அடுத்தடுத்து நின்ற இரு மாணவர்களில் ஒருவர் செங்கல்பட்டுக்கும் மற்றவர் சிதம்பரத்துக்கும் போனால், இரண்டாமவரின் பெற்றோர் ஐந்தாண்டுகளில் கால் கோடிக்கும் மேல் கட்ட வேண்டும்.

2020 டிசம்பரில் மாணவர்கள் போராடத் தொடங்கினர். 2021 ஜனவரியில் கல்லூரிக்கு விடுமுறை அறிவித்து விடுதியைக் காலி செய்யச் சொல்லப்பட்டது. மாணவர்கள் போகவில்லை. 50 நாள் அளவுக்கு நீண்ட போராட்டத்தின் முடிவில், ஜனவரி இறுதியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டுக் கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியானது. அடுத்த மாதமே மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணம் இதற்கும் வந்தது.

இதை ஊழல் எனலாமா என்று கேட்கப்படலாம். லஞ்சம் இல்லை, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு, அரசாணை உண்டு. நிர்வாகச் சீர்கேடு என்றோ நிதிச் சுமை என்றோ சொல்வதே பொருத்தம் என்பது ஒரு வாதம். சொல்லளவில் அந்த வாதம் சரி. ஆனால் அந்தக் கட்டணம் எதைச் சுமந்தது என்று பார்த்தால் நிலை மாறுகிறது. வளாகத்தின் வேறு மூலையில் யாரோ ஆதாயம் பெற்றுச் செய்த நியமனங்களின் மாதாந்திரச் செலவில் ஒரு பங்கை அந்த மருத்துவ மாணவரின் தந்தை கட்டினார். தொலைநிலை மாணவரும் கட்டினார். மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து, அவர் செய்யாத ஒன்றுக்காக வசூலிக்கப்படும் தொகைக்கு ஊழலின் பாக்கி என்ற பெயர் பொருந்தும். ஊழலை வாங்கியவரின் கையில் மட்டும் தேடினால் இந்தப் பாக்கி கணக்கில் வராமலே போய்விடும். கட்டணக் குறைப்புக்கு முன்பே படித்து முடித்து வெளியேறியவர்களுக்கு அந்தக் கணக்கு இன்றும் கல்விக் கடனாகத் தொடரக்கூடும்.

காகிதத்தில் வாழும் ஆசிரியர்கள்

ரசீது உள்ள ஊழல் சிதம்பரத்துக்கு மட்டும் உரியதன்று. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டது. இணைப்பு ஆய்வு நாளில் ஆசிரியர் பட்டியல் சரியாக இருந்தது, ஆதார் எண்கள் இருந்தன, கையெழுத்துகள் இருந்தன. இல்லாதது ஆசிரியர் மட்டுமே. மாணவர் கட்டும் கட்டணம் முழு ஆசிரியர்களுக்கானது, வகுப்பில் நிற்பது பாதிப் பேர்.

தர மதிப்பீட்டிலும் இதே கதை. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் குண்டூரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் தருவதற்காகப் பணமும் தங்க நாணயமும் மடிக்கணினிகளும் பெற்றதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவரும் உறுப்பினர்களும் சிபிஐயால் கைது செய்யப்பட்டனர். அவர்களும் பேராசிரியர்கள், அவர்களில் துணைவேந்தரும் உண்டு. ஆராய்ச்சியில், முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதி வந்ததும் பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் முளைத்தன. 2018 மே மாதம் மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அவற்றில் வெளியான கட்டுரைகளால் ஏற்கெனவே பெற்ற பட்டங்களும் பதவி உயர்வுகளும் அப்படியே இருக்கின்றன.

கணக்கு முடியாத இடம்

2013 சட்டம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடைமையையும் நிர்வாகத்தையும் மாற்றியது. அது அவசியமான மாற்றம். பரம்பரை உரிமை போனது, நியமனத்துக்கு வழக்கமான அரசு விதிகள் வந்தன. ஆனால் ஏறத்தாழ 12 ஆயிரம் நியமனங்களில் எவை எப்படி நடந்தன, யார் பரிந்துரைத்தார், யார் ஒப்புதல் அளித்தார் என்று பணியிடம் பணியிடமாகப் பொதுவில் வைக்கும் பொறுப்பை அது யாருக்கும் தரவில்லை. மிகை ஊழியரை எங்கே அனுப்புவது என்பதற்குத்தான் அரசாணைகள் வந்தன. இடமாற்றப்பட்ட எழுத்தர் தூத்துக்குடிக்கோ கிருஷ்ணகிரிக்கோ போய் வாடகை வீடு தேடினார்.

தொலைநிலையில் படித்தவரின் நிலை இன்னும் நுட்பமானது. அவரிடம் இருப்பது உண்மையான பல்கலைக்கழகத்தின் உண்மையான முத்திரையிட்ட சான்றிதழ். தேர்வு எழுதினார், கட்டணம் கட்டினார், ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறார். சிப்காட்டில் மேற்பார்வையாளர் பதவிக்கோ அரசுத் தேர்வுச் சான்றிதழ் சரிபார்ப்புக்கோ போகும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் எந்தக் கல்வியாண்டில் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறார். 2014-15க்கு முன்னா, பின்னா என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது.